தலைப் பங்கு

இரவு இரண்டு மணிக்கு முதல் ஆள் வந்தான்.
கைட்டீரா. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு,
"நர்ஸ், தண்ணீர் சுடுகிறது" என்றான்.
மழைத்தொட்டித் தண்ணீர். நானே மொண்டு கொடுத்தது.
குவளை சில்லென்றுதான் இருந்தது.

பேனாவை எடுத்தேன்.
என்ன மீன்? எங்கே பிடித்தது? எந்தத் துண்டு?

விடிவதற்குள் பதினோரு பேர்.
உதடு மரத்தவர்கள்,
பல் ஆடுகிறதென்று விரலால் அசைத்துப் பார்த்தவர்கள்,
டார்ச்சும் இல்லாமல் தென்னைகளுக்குள் ஓடியவர்கள்.
பால் கொடுக்கலாமா என்றாள் ரோட்டியா.
வேண்டாம் என்றேன்.
குழந்தை என்னைப் பார்த்தே அழுதது.

களவா மீன். என் மார்பு உயரம் இருந்ததாம்.
புதுக் கால்வாயின் வாயில்,
மண்வாரிக் கப்பல் பாறையைக் கடித்துத் துப்பிய இடத்தில்.
கால்வாய் வெட்டியதாலா என்று என்னைக் கேட்காதீர்கள்.
என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

சோதிக்காமல் தின்னவில்லை என்றார்கள்.
ஈ மொய்த்ததாம்.
ஐம்பது சென்ட் காசை வயிற்றில் செருகினார்களாம்,
கறுக்கவில்லையாம்.
அதில் வெள்ளி ஏது, கறுக்க?
பூனைக்கு ஒரு துண்டு. தின்றது, நக்கிக்கொண்டது, தூங்கியது.
பூனைக்கு அவகாசம் தர யாருக்கும் பொறுமை இல்லை,
அடுப்பு கனன்றுகொண்டிருந்தது.
காலையில் அது சுவரில் மோதி மோதி நடந்தது.

"நன்றாகத்தானே வேகவைத்தேன்" என்றாள் டெரெட்டியா.
அவள் சமையலில் குற்றமில்லை.
தீக்கு அடங்காது அது,
உப்புக்கும் எலுமிச்சைக்கும் ஐஸுக்கும் அடங்காது.
வாடை இல்லை. கசப்பு இல்லை.
தின்ற எல்லோரும் ருசி என்றார்கள்,
வாந்தியெடுத்துக்கொண்டே சொன்னார்கள்.

செத்த பவளத்தில் பாசி.
பாசியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று.
மேய்கிற கிளிமீன் அதில் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்கிறது.
நூறு கிளிமீனை விழுங்கிய களவா
நூறு சிட்டிகையையும் செலவழிக்காமல் வைத்திருக்கிறது,
கஞ்சன் மாதிரி,
ஈரலிலும் தலையிலும்.

இங்கே தலை விருந்தாளிக்கு.
அது சட்டம் இல்லை,
சட்டத்தை மீறலாம்.

அன்றைய விருந்தாளி சக்கியூசா, ஃபிஜிக்காரன்,
மண்வாரிக் கப்பலில் கிரேன் ஓட்டியவன்.
கால்வாய்க்கு நன்றி சொல்லத்தான் விருந்தே.
மாலை போட்டார்கள். ஆடினார்கள்.
கண், கன்னம், ஈரல் எல்லாம் அவன் தட்டில்.
மிச்சம் வைத்தால் மனம் நோகுமென்று
எலும்பு வரை உறிஞ்சினான்.

எங்கள் மரியாதை எவ்வளவோ
அவ்வளவும் அவனுக்குள் இறங்கியிருந்தது.
நாடி நாற்பது. நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு.
இருந்தவை இரண்டு ஊசிக் குப்பிகள்.
டராவாவிலிருந்து அடுத்த படகு ஒன்பது நாள் கழித்து.
மணிக்கட்டை விடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை என்பதை
எந்தக் குரலில் சொல்வதென்று யோசிக்கையில்
அவனே பேசினான்:
"உன் கை ஐஸா, நெருப்பா, சிஸ்டர்?"

பிழைத்தான்.
விருந்து ஒரே இரவு, அரிப்பு நான்கு மாதம்.
சுவாவிலிருந்து செய்தி அனுப்புகிறான்:
ஒரு வாய் பியர் குடித்தால் எல்லாம் திரும்பி வருகிறது.
பிறகு கேட்கிறான்,
கால்வாயில் படகுகள் நன்றாகப் போகின்றனவா?
நன்றாகப் போகின்றன என்று எழுதுகிறேன்.
பொய் இல்லை.

கைட்டீரா இப்போது வெளிக்கடலில் சூரைக்குப் போகிறான்.
பெட்ரோல் இல்லாத நாட்களில்
பழையபடி கால்வாய் வாயில்.
நேற்று தூண்டில் கனத்ததாம்.
கண்ணாடி போன்ற தண்ணீர். குனிந்து பார்த்தான்.
அதே அகன்ற வாய், அதே புள்ளிகள்.
வீட்டில் வெறும் அரிசி.
"அறுத்துவிட்டேன், நர்ஸ்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"அரை மணி கழித்துத்தான் அறுத்தேன்."

தின்னாத மீனுக்கும் பதிவேட்டில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டு, எவ்வளவு பெரிது என்று கேட்டேன்.
கைகளை விரித்தான்.
விரித்தவன் சுருக்கவேயில்லை.